வளவுக் குளமும் மணற்கிணறும்

தலவிலவில் எவ்விடத்தில் மண்வெட்டியை ஊன்றினாலும் மணலே வரும். மேற்கே இந்து சமுத்திரம், கிழக்கே புத்தளக் களப்பு. இவ்விரண்டுக்கும் இடையே ஒடுங்கி நீண்டு வடக்கு நோக்கிக் கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலே, புனித அன்னம்மாள் திருத்தலத்தால் நாடறிந்த அவ்வூர் அமைந்திருக்கின்றது. மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் நடைபெறும் திருவிழாக்களுக்குச் செல்வோர் ஆலயத்தையும் கடலையும் தென்னைகளையும் கண்டு திரும்புவர். அம்மணலுக்குக் கீழே கிடக்கும் நன்னீரைப் பற்றி நினைப்பவர் சிலரே. ஆயினும் அங்கே ஒருவர் தம் வளவிலே சிறிய மீன்குளம் ஒன்று கட்டி, அதன் நீரைத் துப்புரவாக வைத்திருக்க வடிகட்டி ஒன்றைத் தம் கையாலேயே செய்ய விரும்புவாராயின், முதலில் நினைக்க வேண்டியது அந்த நன்னீரைத்தான். அதன் காரணம் போகப் போகப் புலனாகும்.

வளவில் மீன் வளர்ப்போர் பெரும்பாலும் ஒரே விதமாகவே தொடங்குகின்றனர். எட்டு அடி நீளம், ஐந்து அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டப்படுகின்றது. அதன் கொள்ளளவு 100 கன அடி, அதாவது ஏறக்குறைய 2,800 லீற்றர். புதிய சீமெந்தின் காரம் நீங்கும்வரை நீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, இரண்டு மூன்று முறை இறைத்துக் கழுவுவது பழைய வழக்கம். அதனை எவரும் விடலாகாது. பின்னர் கிணற்று நீரை நிரப்பித் தங்கமீன்களை விடுவர். நீர் பளிங்குபோல் இருக்கும். பிள்ளைகள் காலையும் மாலையும் தீனி போடுவர். பத்துப் பன்னிரண்டு நாட்கள் கழிந்ததும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மறுநாள் இரண்டு மீன்கள் செத்து மிதக்கும். நீரோ இன்னும் தெளிவாகவே இருக்கும்.

இவ்விடத்திலேதான் பலருக்கும் குழப்பம் நேரிடுகின்றது. கண்ணுக்குத் தெரியும் பாசியையும் தூசியையுமே அழுக்கென்று எண்ணிப் பழகிவிட்டோர்க்குத் தெளிந்த நீரில் மீன் இறப்பது புதிராகவே தோன்றும். மீனைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத அமோனியா. மீன் உண்ட புரதத்தின் கழிவு அதன் பூக்கள் வழியாகவே பெரும்பாலும் அமோனியாவாக நீரிற் கலக்கின்றது. எஞ்சிய தீனி அழுகும்போதும் அதுவே உண்டாகின்றது. அது நீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாதது. மற்றையது கடும் நஞ்சு. நீர் காரத்தன்மை மிகுந்ததாக ஆக நஞ்சின் பங்கு கூடும். 30 பாகை வெப்பமுள்ள நீரில், பீ.எச். அளவு 7 ஆயின் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. 8 ஆயின் ஏழு பங்குக்கு மேல். 9 ஆயின் ஏறக்குறைய 45 பங்கு. சிப்பித் துகள் கலந்த கடற்கரை மணலில் ஊறும் நீர் இயல்பாகவே கடினமானது, காரம் பக்கம் சாய்ந்தது. வெயிலும் அங்கே குறைவன்று. ஆகவே மலைநாட்டில் ஒருவர் செய்து தப்பிக்கொள்ளக்கூடிய கவனக்குறைவு, இக்கரையில் மன்னிக்கப்படுவதில்லை.

வடிகட்டி என்றதும் தலவிலவாசி ஒருவர் காலடியிலுள்ள மணலைப் பார்ப்பது இயல்பே. மணலால் நீரைச் சுத்திகரிப்பது புகழ் வாய்ந்த முறையுமாகும். 1829 ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் சிம்ப்சன் என்பவர் இலண்டன் செல்சீ நீர்க் கம்பனிக்காகப் பெரும் மணற்படுகை அமைத்தார். 1892 இல் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் வாந்திபேதி பரவி எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அதே எல்பே ஆற்றில் அந்நகருக்குக் கீழே நீரெடுத்த அல்ற்றோனா நகரம் மணல் வடிகட்டியினால் பெரிதும் தப்பியது. ஆனால் அந்த மணற்படுகைகளின் ஆற்றல், நீர் அவற்றினூடே மிக மெதுவாக இறங்குவதிலேயே இருந்தது. மணிக்குப் பத்து முதல் முப்பது சென்ரிமீற்றர் என்பதே அதன் வேகம். மீன்குளத்து நீரோ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது முழுவதும் வடிகட்டியூடாகச் சுழல வேண்டும். அப்படியாயின் மேலே சொன்ன குளத்துக்கு மணிக்கு 1,400 லீற்றர். இந்நீரை மணிக்கு இருபது சென்ரிமீற்றர் வேகத்தில் மணலில் இறக்க வேண்டுமாயின், ஏழு சதுர மீற்றர் பரப்புள்ள மணற்படுகை தேவை. அஃதாவது 75 சதுர அடி. குளத்தின் பரப்போ 40 சதுர அடி. குளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிய வடிகட்டியை எவர் கட்டுவார்? இதனை எண்ணாது பீப்பாயிலே மணலை நிரப்பிப் பம்பியால் நீரைப் பாய்ச்சுவோருக்கு, சில நாட்களில் அம்மணல் அடைத்துக் கறுத்து, அழுகிய முட்டை நாற்றத்தை வீசும். அந்நாற்றத்தைத் தரும் ஐதரசன் சல்பைட்டும் மீனுக்கு நஞ்சே.

ஆகவே வீட்டு வடிகட்டி வேறொரு வழியில் வேலை செய்ய வேண்டும். அவ்வழி பாரிஸ் நகரில் 1877 ஆம் ஆண்டிலே தெரியவந்தது. ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரு இரசாயன அறிஞர்கள், நீண்ட குழாயொன்றில் மணலையும் சுண்ணாம்புக் கல்லையும் நிரப்பி, அதனூடாகச் சாக்கடை நீரை மெல்ல மெல்ல வடியவிட்டனர். முதல் இருபது நாட்கள் யாதும் நிகழவில்லை. உள்ளே சென்ற அமோனியா அப்படியே வெளியே வந்தது. அதன்பின் நைத்திரேற்று தோன்றியது, அமோனியா மறைந்தது. இம்மாற்றம் வெறும் இரசாயன விளைவாயின் முதல் நாளே நிகழ்ந்திருக்க வேண்டுமன்றோ? அவர்கள் குழாயினுள் குளோரோபோம் ஆவியைச் செலுத்தினர். மாற்றம் நின்றது. அதனை நீக்கிய பின்னும் மீளவில்லை. தோட்ட மண்ணைக் கரைத்த நீரில் சிறிதளவை ஊற்றியதும், சில நாட்களில் மீண்டும் தொடங்கியது. அங்கே வேலை செய்தவை உயிர்கள் என்பது அதனால் உறுதியாயிற்று. பின்னர் ரஷ்ய அறிஞர் சேர்கெய் வினோகிராட்ஸ்கி அப்பற்றீரியாக்களைத் தனியே பிரித்தெடுத்து, ஒருவகை அமோனியாவை நைத்திரைற்றாகவும் மற்றொருவகை நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் ஆக்குவதைக் காட்டினார். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதை மீன் பெருமளவுக்குத் தாங்கிக்கொள்ளும்.

கடையில் விற்கும் பளபளப்பான பெட்டியாயினும் வளவில் செய்த பீப்பாயாயினும், மீன்குள வடிகட்டி என்பது இவ்வுயிர்களுக்குக் குடியிருக்க இடமும் மூச்சுக்கு ஒட்சிசனும் கொடுக்கும் ஒரு வீடே.

அவ்வீட்டைக் கட்ட 200 லீற்றர் பீப்பாய்கள் இரண்டு போதும். குடாநாட்டுத் தோட்டங்களில் கிருமிநாசினி வந்த பீப்பாய்கள் மலிவாகக் கிடைக்கக்கூடும். எத்தனை முறை கழுவினாலும் அவற்றைக் கொள்ளலாகாது. உணவுப்பொருள் வந்த பீப்பாயே வேண்டும். நீர் நிரம்பிய பீப்பாய் 200 கிலோவுக்கு மேல் நிறையுள்ளதாகலின், வெறும் மணலில் நிறுத்தினால் ஒரு பக்கம் அமிழ்ந்து சரியும். அடியில் கொங்கிறீற்றுப் பலகை இட்டு, சீமெந்துக் கற்களால் இரண்டடி மேடை கட்டுவது நன்று. இவ்வுயரம் வேறொரு பயனும் தரும், அது பின்னர்.

குளத்தின் ஆழமான மூலையில் நீர்ப்பம்பியை வைத்து, ஓர் அங்குலக் குழாய் மூலம் நீரை முதற் பீப்பாய்க்கு ஏற்ற வேண்டும். குழாயின் வாய் பீப்பாயின் சுவரையொட்டி ஒரு பக்கமாகத் திரும்பியிருக்குமாயின், நீர் சுழன்று வரும். சுழலும் நீரில் கனமான கழிவு நடுவே திரண்டு அடியிற் படியும். அடியில் ஒரு வால்வு பொருத்தப்பட வேண்டும். இப்பீப்பாயினுள் வேறொன்றும் இடத் தேவையில்லை.

இரண்டாவது பீப்பாயில் நீர் அடியிலிருந்து மேல்நோக்கி எழ வேண்டும். அடியில் துளையிட்ட தட்டொன்றை வைத்து, அதன்மேல் உடைந்த கூரையோட்டுத் துண்டுகளைப் பரப்பலாம். புத்தளம் மாவட்டத்தின் தெற்கே தங்கொட்டுவைப் பக்கத்துச் சூளைகளிற் சுடப்படும் ஓடு இதற்கு மிகப் பொருத்தம். அதன் சொரசொரப்பில் பற்றீரியா நன்கு பற்றிக்கொள்ளும். ஓட்டுக்கு மேலே தலவிலவிலே காசின்றிக் கிடைக்கும் பொருளொன்று உண்டு. கிழிந்து பயன்படாது கரையில் எறியப்பட்ட நைலோன் மீன்வலை. அதனை நல்ல நீரில் பல நாள் ஊறவைத்து, உப்பும் எண்ணெயும் நீங்கக் கசக்கிக் கழுவி, இறுக்காமல் சுருட்டிப் பீப்பாயின் முக்காற் பங்குவரை நிரப்பலாம். அதன் நூற்பரப்பு முழுவதும் பற்றீரியா குடியேறும், அழுகாது, நீரோட்டத்தையும் தடுக்காது. தென்னந்தும்பும் பொச்சும் எளிதிற் கிடைப்பனவேயெனினும், அவை நாளடைவில் அழுகி நீரைச் சாயமாக்கி ஒட்சிசனைக் குடிப்பதால் தவிர்க்கப்பட வேண்டும். மேல்விளிம்பருகே இரண்டங்குலக் குழாய் ஒன்றைப் பொருத்தி நீரைக் குளத்துக்குத் திருப்ப வேண்டும். உட்செல்லும் குழாயிலும் வெளிவரும் குழாய் அகலமாக இருத்தல் இன்றியமையாதது. அன்றேல் பீப்பாய் நிரம்பி வழிந்து ஒரே இரவில் குளம் வற்றிவிடும். நீர் ஓரடி உயரத்திலிருந்து விழுமாயின் காற்றும் கலக்கும். இரு பீப்பாய்களின் வாயையும் நுளம்பு வலையால் மூடுவது கட்டாயம். மீன் உள்ள குளத்தில் நுளம்புப் புழு தப்பாது. மீன் இல்லாத பீப்பாயிலோ டெங்கு நுளம்பு வளரும்.

முப்பது உவாற்றுப் பம்பி இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 21 அலகு மின்சாரம் செலவாகும். செலவை மிச்சப்படுத்த இரவில் பம்பியை நிறுத்துவோர் உளர். அது பெருங்கேடு. ஓட்டம் நின்ற பீப்பாயில் சில மணித்தியாலத்துக்குள் ஒட்சிசன் தீர்ந்து, அதிலுள்ள உயிர்கள் மடியத் தொடங்கும். 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அவ்வாறான வேளையில் தீனியை அடியோடு நிறுத்தி, வாளியால் நீரை அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுவதொன்றே வழி. மின்சாரம் மீண்டதும், பீப்பாயில் தேங்கிய கெட்ட நீரை வெளியேற்றிய பின்னரே பம்பியை இயக்க வேண்டும்.

பாரிஸ் அறிஞர்கள் இருபது நாள் காத்திருந்தது போல, வடிகட்டியை அமைத்தவரும் நான்கு முதல் ஆறு கிழமைகள் பொறுத்திருத்தல் வேண்டும். முதலில் ஐந்தாறு மீன்களை மட்டும் விட்டு, தீனியை ஒரு சிட்டிகையாகக் குறைப்பதே நலம். பழைய குளம் வைத்திருக்கும் அயலவரிடமிருந்து ஒரு கைப்பிடி ஓட்டுத் துண்டுகளை வாங்கிப் பீப்பாயில் இடுவாராயின் காலம் பாதியாகும். மாதமொரு முறை வலையை அலசும்போது குளத்து நீரிலேயே அலச வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீர் பாரிசில் குளோரோபோம் செய்ததையே செய்துவிடும்.

இவ்வளவும் ஒழுங்காக அமைந்தால் மீன்கள் பிழைக்கும். பெரும்பாலோர் இத்துடன் வடிகட்டியைப் பற்றிய பேச்சை முடித்துவிடுவர். தலவிலவில் அப்படி முடிக்க இயலாது. அமோனியா நைத்திரேற்றாக மாறிற்றேயன்றி, மறைந்து போகவில்லை. அந்த நைத்திரேற்று எங்கே செல்கின்றது?

ஒரு சிறு கணக்குப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 50 கிராம் தீனி. அதில் நூற்றுக்கு 32 பங்கு புரதம். அப்புரதத்திலுள்ள நைதரசன் ஏறக்குறைய இரண்டரைக் கிராம். மீனின் உடலிற் சேர்வது கால்வாசி, எஞ்சியது நீருக்கு. அது முழுவதும் நைத்திரேற்றாக மாறுமாயின், நாளொன்றுக்கு எட்டுக் கிராம் அளவாகும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. எட்டுக் கிராம் என்பது 160 லீற்றர் தூய நீரை அவ்வெல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது. இவ்வெல்லையின் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1945 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஹண்டர் கொம்லி என்ற மருத்துவர், கிணற்று நீரிற் கரைத்த பாலை உண்ட கைக்குழந்தைகள் உடல் நீலம் பாரித்து வருந்தியதை எடுத்துரைத்து, கிணறுகளிலிருந்த நைத்திரேற்றே காரணம் எனக் காட்டினார். நைத்திரேற்று நீரைக் கொதிக்க வைப்பதால் நீங்குவதன்று. நீர் ஆவியாகக் குறையும்போது அதன் செறிவு கூடவே செய்யும்.

கற்பிட்டிக் குடாநாட்டின் குடிநீர் எங்கிருந்து வருகின்றது என்பதை இப்போது நினைக்க வேண்டும். அங்கே ஆறில்லை. மழைநீர் மணலில் இறங்கி, கடலிலிருந்து ஊறிவரும் உப்புநீரின் மேலே, கனம் குறைந்ததாகலின், ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் படோன் கைபெனும், 1901 இல் ஜெர்மானியர் ஹேர்ஸ்பேர்க்கும் கண்ட விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால் கீழே நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பது அடி போய்விடும். இவ்வில்லையைக் காக்க மேலே களிமண் மூடி எதுவுமில்லை. வளவில் ஊற்றியது மணலினூடே நேரே கீழே இறங்கும். 1980 களில் அக்குடாநாட்டின் நிலத்தடி நீரை ஆராய்ந்தோர், வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் தீவிரமாகச் செய்யப்பட்ட காணிகளின் கீழே நைத்திரேற்று குடிநீர் எல்லையைக் கடந்து நிற்பதைக் கண்டனர். பசளையும் எருவும் இட்டு, மணலாகலின் அடிக்கடி நீர் பாய்ச்சி, அந்நீரையே மீண்டும் கிணற்றிலிருந்து இறைத்ததன் விளைவு அது.

தோட்டங்களுக்கு இடும் பசளையோடு ஒப்பிடுகையில் மீன்குளத்தின் பங்கு மிகச் சிறிது என்பது உண்மை. ஓராண்டுக் கழிவைச் சேர்த்தால் ஒன்றரைக் கிலோ யூரியாவுக்கு மேல் வராது. எனினும் தோட்டம் ஊரின் ஒரு பக்கத்தில் இருக்கலாம். குளம் இருப்பது வீட்டுக் கிணற்றருகே. ஒன்றரைக் கிலோ யூரியாவைத் தன் கிணற்றடியில் ஆண்டுதோறும் புதைக்க எவரும் சம்மதியார். குளத்து அடிநீரைக் கிணற்றடி மணலில் திறந்துவிடுபவர் செய்வது அதனையேயாகும். இம்மாவட்டத்து இறால் பண்ணைகள் 1996 இல் வெண்புள்ளி நோயினால் நிலைகுலைந்ததும், ஒரு பண்ணை வெளியேற்றிய நீரையே அடுத்த பண்ணை உள்ளெடுத்த காரணத்தால் விரைவாகப் பரவிய கேட்டினாலன்றோ? அங்கே வாய்க்கால் கண்ணுக்குத் தெரிந்தது. வளவிலே வாய்க்கால் மணலுக்குள் ஓடுகின்றது.

ஆகவே தலவில வடிகட்டிக்கு மூன்றாவது உறுப்பொன்று வேண்டும். இரண்டாவது பீப்பாயிலிருந்து குளத்துக்குத் திரும்பும் நீரை, சல்லிக்கல் இட்ட ஆழமற்ற சீமெந்துத் தொட்டியூடாக ஓடவிட்டு, அதிலே கங்குன் நடலாம். கங்குன் நைத்திரேற்றை விரும்பி உண்டு விரைந்து வளரும். ஆயினும் அதன் ஆற்றலை மிகைப்படுத்தலாகாது. ஒரு கிலோ பச்சைக் கங்குனில் இருக்கும் நைதரசன் ஏறக்குறைய நான்கு கிராம்; அது இரண்டு நாள் தீனியின் கழிவு. கிழமைக்கு மூன்று கிலோவுக்கு மேல் அறுத்தாலன்றிக் கணக்கு நேராகாது. சிறு தொட்டியில் அவ்வளவு விளையாது. இதற்குப் பதிலாக ஆகாயத்தாமரையை வளர்க்க எண்ணுவோர் உளர். அது நீர்நிலைகளை அடைத்துவிடும் கேட்டினால் இந்நாட்டில் 1909 ஆம் ஆண்டிலேயே அதற்கெதிராகச் சட்டம் இயற்றப்பட்டது.

எஞ்சியது தென்னைக்கு. பீப்பாய்களை இரண்டடி மேடையில் ஏற்றியதன் பயன் இங்கேதான் தெரியும். முதற் பீப்பாயின் அடிவால்வை இரண்டு நாளைக்கொருமுறை திறந்தால், கறுத்த அடிநீர் தானாகவே குழாய் வழியே தென்னையடிக்கு ஓடும். அத்துடன் கிழமைக்கொரு முறை குளத்து நீரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 280 லீற்றர், தென்னைகளுக்கு விடப்பட்டு, அதனளவு புதுநீர் குளத்தில் சேர்க்கப்பட வேண்டும். காய்க்கும் தென்னை ஒன்றுக்கு இந்நாட்டில் ஆண்டுக்கு இடப்படும் யூரியா ஏறக்குறைய 800 கிராம். எனவே ஒரு குளத்தின் கழிவு இரண்டு தென்னைகளின் தேவைக்குச் சரியாக இருக்கும். நான்கு மரங்களுக்குப் பிரித்து விடுவது இன்னும் நன்று. மரத்தின் அடியைச் சுற்றி ஐந்தடித் தூரத்துக்குள் பரவலாக, பொச்சு மட்டை பரப்பிய பாத்தியில் விட்டால், நீர் மெதுவாக இறங்கி வேருக்கு நேரம் கிடைக்கும். கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளியிருக்கும் மரங்களையே தெரிவு செய்ய வேண்டும்.

இந்தக் கிழமை வழக்கத்தை விட்டுவிட்டு, வெயிலில் வற்றிய நீருக்கு ஈடாக மேலே மேலே கிணற்று நீரைச் சேர்ப்பது மற்றொரு தொல்லையைத் தரும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகஸ்ட் மாதத்தில், மழையின்றி வில்லை மெலிந்திருக்கும் வேளையிலேயே திருவிழாவுக்குப் பெருந்திரளானோர் வந்து சேர்கின்றனர். இறைப்பு மிகுந்தால் கீழிருந்து உவர்நீர் மேலெழும். அந்நாட்களில் கிணற்று நீரை வாயில் வைத்துப் பார்த்த பின்னரே குளத்துக்கு விடுவது தகும். கப்பியும் திலாப்பியாவும் உவர்ப்பைத் தாங்கும். தங்கமீன் அவ்வளவு தாங்காது.

ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மழை நாட்களில் வேறு விதமான கவனம் வேண்டும். அப்போது பாத்தியில் விட்ட கழிவை மழை வேருக்கு எட்டுமுன் கீழே கழுவிச் சென்றுவிடும். அந்நாட்களில் தீனியைப் பாதியாக்கி, பீப்பாயின் அடியிற் படிந்த கழிவைக் காய்ந்த சருகோடு கலந்து, கூரையுள்ள ஓரிடத்தில் கூட்டெருவாக மக்கவிட்டு, ஜனவரியில் வெயில் வந்தபின் தென்னைக்கு இடலாம். கிணற்று நீரின் நைத்திரேற்றை ஆய்வுகூடத்தில் அளவிட விரும்புவோர் மழைக்கு முன் ஒருமுறையும் மழை விட்டபின் ஒருமுறையும் மாதிரி எடுப்பாராயின், குளத்து நீர் எங்கே செல்கின்றது என்பது அவ்விரு எண்களிலும் ஓரளவு தெரியவரும்.